பட்டன் கழன்றும் மனசு திறக்கவில்லையா? காயப்பட்ட பாத்திரங்களுக்கு ஒரு பிழை நீக்கும் வழிமுறை

படித்துப் பார்க்கச் சொல்லி எனக்கு வரும் கதைகள் பெரும்பாலும் இரவு பத்து மணிக்குப் பிறகுதான் வாட்ஸ்அப்பில் வந்து விழும். பிள்ளைகள் படுத்தபின், குசினி கழுவி முடித்தபின் எழுதப்பட்டவை. எழுதுபவர்கள் அநேகமாகப் பெண்கள். வெள்ளவத்தை, தெஹிவளை, கொட்டாஞ்சேனை என்று எல்லாம் கொழும்பில் பக்கத்தில்தான். காதலும் காமமும் கலந்த கதைகள். ஹீரோவோ ஹீரோயினோ, சில நேரம் இரண்டு பேருமோ, உள்ளுக்குள் உடைந்தவர்கள். கூடவே ஒரு வரி வரும்: "அக்கா, எல்லாம் சரியாத்தான் இருக்கு, ஆனா ஏதோ ஒட்டேல்லை."

அந்த "ஒட்டேல்லை"க்காகத்தான் இதை எழுதுகிறேன். முதலிலிருந்து கடைசிவரை வாசிக்க வேண்டும் என்றில்லை. உங்கள் கதையில் தெரியும் கோளாறைத் தேடிப் பிடித்து அதற்குக் கீழே உள்ளதைச் செய்து பாருங்கள். ஒரே இரவில் எல்லாவற்றையும் திருத்த வெளிக்கிட வேண்டாம். எது வேலை செய்தது என்று பிறகு தெரியாமல் போய்விடும்.

விளக்குவதற்கு ஒரு கதை வேண்டும். இரண்டு பேரை நானே கற்பனை செய்திருக்கிறேன். சுகந்தி, 36 வயது, ஊர் யாழ்ப்பாணம். 19 வயதில் வெளிநாட்டு விசாவுக்காக வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தவள். 2007 ஜூன் 7 விடிய முதல், கொழும்பு லொட்ஜுகளில் இருந்த வடக்கு கிழக்குத் தமிழர்கள் நூற்றுக்கணக்கானோரைப் பொலிஸார் எழுப்பி, பஸ்ஸில் ஏற்றி நகரத்தை விட்டு அனுப்பினார்கள். உயர் நீதிமன்றம் அடுத்த நாளே இடைக்காலத் தடை போட்டது. அது நடந்த கதை. அந்த பஸ்ஸில் சுகந்தியும் இருந்தாள் என்பது என் கற்பனை. தயாளன், 38 வயது, கொட்டாஞ்சேனையில் பிறந்து வளர்ந்தவன். படுக்கையில் விழுந்த அம்மாவைப் பன்னிரண்டு வயதிலிருந்து பார்த்தவன். இப்போது இருவரும் மரைன் டிரைவ் பக்கம் ஒரு அனெக்ஸில் இருக்கிறார்கள்.

கட்டில் காட்சியை வெட்டி எடுத்தாலும் கதை அப்படியே ஓடுகிறது

எந்தக் கோளாறாக இருந்தாலும் இதை முதலில் பாருங்கள். ஃபைலை ஒரு பிரதி எடுங்கள். கட்டில் காட்சி முழுவதையும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் "அன்றிரவு அவர்கள் சேர்ந்திருந்தார்கள்" என்று ஒரு வரி போடுங்கள். அடுத்த எபியிலிருந்து, அதாவது அடுத்த எபிசோடிலிருந்து, வாசியுங்கள். எதுவும் குறையவில்லை என்றால் அந்தக் காட்சி கதைக்குள் இல்லை, கதைக்குப் பக்கத்தில் இருக்கிறது.

சாதாரணக் காதல் கதையில் அறைக்கதவைச் சாத்திவிட்டு எழுத்தாளர் வெளியே நின்றுகொள்ளலாம், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். காமம் கலந்த காதல் கதையில் முடியாது. இங்கே உறவு திரும்புவதே கதவுக்கு உள்ளே. ஆகவே ஒரு துண்டுக் காகிதத்தில் இரண்டு கேள்விகளுக்குப் பதில் எழுதுங்கள். இந்தக் காட்சிக்கு முன்னால் இவளால் செய்ய முடியாத எதைப் பின்னால் செய்கிறாள்? முன்னால் சுலபமாகச் செய்த எதை இனிச் செய்ய முடியாமல் போகிறது? இரண்டாவது கேள்வியை அநேகமானோர் கேட்பதே இல்லை. நல்ல கதை பெரும்பாலும் அங்கேதான் கிடக்கிறது. நேற்றுவரை தயாளனிடம் பொய் சொல்வது சுகந்திக்குக் கஷ்டமாக இருக்கவில்லை. இன்று முதல் கஷ்டம். அது போதும்.

இரண்டு கேள்விக்கும் பதில் வராவிட்டால் வர்ணனையில் கை வைக்க வேண்டாம். வர்ணனையில் எந்தப் பிழையும் இல்லை.

காயம் பிளாஷ்பேக்கில் இருக்கிறது, அறைக்குள் இல்லை

எனக்கு வருகிற கதைகளில் பாதிக்கு மேல் இந்தக் கோளாறுதான். அதனால் இதில் கொஞ்சம் நிற்கிறேன்.

வழக்கமாக வருவது இப்படி:

அவன் அவளை நெருங்கினான். அவளுக்குள் பழைய ரணம் விழித்துக்கொண்டது. அந்த நாள் கண்முன் வந்தது. கண்ணீர் பெருகியது. "உங்களிடம் ஒரு விஷயம் சொல்ல வேணும்..." என்று தொடங்கினாள்.

பிறகு இரண்டு பக்கத்துக்கு 2007. முடிந்ததும் அவன் அவளை அணைக்கிறான், காட்சி தொடர்கிறது. வாசகருக்கு ஒரு தகவல் கிடைத்தது. அவளைத் தெரிந்ததா? இல்லை.

ஏன் என்று விளங்க, காயம் என்பது மனிதருக்குள் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். பேரதிர்ச்சிக்குப் பிந்திய மன உளைச்சலை 1980இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தன் நோய் வகைப்பாட்டில் சேர்த்தது. அப்போதிருந்து சொல்லப்படும் அறிகுறிகளில் மூன்று நமக்கு முக்கியம். நடந்தது மீண்டும் நடப்பதுபோல வருவது. அதை ஞாபகப்படுத்தும் எதையும் தவிர்ப்பது. எந்நேரமும் உஷாராக இருப்பது. நம் எழுத்தாளர்கள் முதலாவதை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள்: கெட்ட கனவு, அலறல், வியர்வை, கண்ணீர். படுக்கையறைக்கு உண்மையில் உதவுவது மற்ற இரண்டும். தவிர்ப்பவர் எதைத் தொட விட மாட்டார்? உஷாராக இருப்பவர் எந்தப் பக்கம் படுப்பார், லைட்டை என்ன செய்வார், எந்தச் சத்தத்துக்குக் கை நிற்கும்? இவை பழக்கங்கள். பழக்கத்தைக் கண்ணால் பார்க்கலாம், கையால் தொடலாம். காயத்தை அப்படிச் செய்ய முடியாது.

சுகந்திக்கு வருவோம். விடிய முதல் கதவு தட்டப்பட்டு, உடுப்பு அள்ள அவகாசமில்லாமல் வெளியே வந்த பெண்ணின் உடம்பு எதைப் படித்திருக்கும்? படுக்கும்போதும் வெளியே போகத் தயாராக இரு என்று படித்திருக்கும். அப்படியானால் அவள் இரவு உடுப்புப் போட மாட்டாள். வெளியில் போகிற சுடிதாரோடு படுப்பாள். அடையாள அட்டை தலையணைக்குக் கீழே. செருப்பு கட்டிலடியில், வாசலைப் பார்த்தபடி.

இப்போது பாருங்கள், உடுப்பைக் கழற்றுவது என்ற ஒரே செயலில் காமமும் காயமும் வந்து நிற்கின்றன. எழுத்தாளர் தேடிக்கொண்டிருந்த இடம் இதுதான். அவளுக்கு நிர்வாணம் என்றால் வெட்கம் இல்லை. தட்டினால் ஓட முடியாது என்பதுதான் அதன் அர்த்தம்.

திரும்ப எழுதினால்:

தயாளன் ஃபானைக் கூட்டிவிட்டுத் திரும்பினான். சுகந்தி கட்டில் ஓரத்தில் இருந்தாள், வேலைக்குப் போட்டுப்போன சுடிதாரோடு. அவன் அவள் தோளில் நெற்றியை வைத்தபோது அதில் இன்னும் ஸ்திரிக்கை வாசம் இருந்தது.

"இதோடயா படுப்பீங்க?"

"ம்."

"புழுக்கமா இருக்காதா?"

"பழகீட்டுது."

அவன் மேலே கேட்கவில்லை. அவள் விரல்களை எடுத்து ஒவ்வொன்றாகக் கொஞ்சினான். அவள் கண்ணை மூடவில்லை. ஆனால் மற்றக் கையால் தானே முதல் பட்டனைக் கழற்றினாள். பிறகு இரண்டாவது. மூன்றாவதில் கை நின்றது. குனிந்து கட்டிலடியைப் பார்த்தாள். செருப்பு இரண்டும் வாசலைப் பார்த்தபடிதான் இருந்தன. அப்புறம்தான் கை மூன்றாவது பட்டனுக்குப் போனது.

இங்கே 2007 என்ற சொல்லே இல்லை. லொட்ஜ் இல்லை, பஸ் இல்லை. வாசகர் கேட்கிறார்: ஏன் செருப்பைப் பார்த்தாள்? தயாளனும் அதையே தனக்குள் கேட்கிறான். இருவரும் ஒரே கேள்வியோடு அடுத்த பக்கத்துக்குப் போகிறார்கள். சம்பவத்தைப் பத்து எபி கழித்துச் சொல்லுங்கள், காய்கறி வெட்டிக்கொண்டிருக்கும்போது, மூன்று வரியில். அதுவரை அந்த விதை முளைத்துக்கொண்டே இருக்கும்.

செய்ய வேண்டியதைச் சுருக்கமாகச் சொன்னால்: சம்பவத்தை எழுதி வையுங்கள், கதைக்கு வெளியே. அதிலிருந்து உடம்பு படித்த பாடத்தை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அந்தப் பாடம் அன்றாடத்தில் என்ன பழக்கமாகியிருக்கிறது என்று மூன்றாவது எழுதுங்கள். அந்தப் பழக்கத்தை மட்டும் அறைக்குள் கொண்டுவாருங்கள்.

இருவருக்கும் காயம் இருக்கிறது, ஆனால் ஒன்றை ஒன்று உரசவில்லை

அவளுக்கு ஒரு துயரம், அவனுக்கு ஒரு துயரம், மாறி மாறிச் சொல்லி அழுது சேர்ந்துவிடுகிறார்கள். இரங்கல் கூட்டம் மாதிரி இருக்கும்.

ஒருவர் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்வது மற்றவரின் புண்ணில் போய்ப் பட வேண்டும். தயாளனின் உடம்பு படித்த பாடம், நான் பார்த்துக்கொள்ளாவிட்டால் ஆள் செத்துப்போகும் என்பது. அதனால் அவன் ஓயாமல் கவனிப்பான். தண்ணி வைப்பான், போர்வை இழுத்துவிடுவான், "சரியா, நோகுதா, சரியா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பான். தன்னை யாரும் தொட்டுப் பார்த்துக்கொள்ள விடமாட்டான். அவள் அவன் முதுகைத் தடவினால் கையைப் பிடித்துத் தன் கைக்குள் வைத்துக்கொள்வான். பார்க்க அன்பாகத்தான் இருக்கும். அவளுக்கோ அது கதவு சாத்துவது.

ஒருநாள் அவன் நல்லெண்ணத்தில் அவள் செருப்பைக் கட்டிலடியிலிருந்து எடுத்துத் துடைத்து, முன் வாசல் ராக்கையில் வைக்கிறான். இரவு இரண்டு மணிக்கு அவள் விழித்துக் குனிந்து பார்க்கிறாள். இல்லை. அவள் வாயிலிருந்து வந்தது அவன் வாழ்க்கையில் கேட்டிராத சத்தம். அவன் பார்த்துக்கொண்டதாலேயே ஆள் நொந்துபோனது: அவனுக்கும் இதைவிடப் பெரிய அடி இல்லை. யாரும் கெட்டவரில்லை, இருவரும் அடிபட்டார்கள். சண்டைக்காக வெளியிலிருந்து முன்னாள் காதலியையோ மாமியையோ கூட்டிவரத் தேவையில்லை.

காயப்பட்டவன் என்று சொல்லிக்கொண்டு கொடுமைக்காரன் உலாவுகிறான்

ஆன்டி ஹீரோ கதைகளுக்கு வாசகிகள் இருக்கிறார்கள். அந்த ஆசையை நான் குறை சொல்லமாட்டேன். எல்லோரிடமும் கல்லாக இருப்பவன் ஒருத்தியிடம் மட்டும் இளகுவது பழைய கனவு, வலுவான கனவு. பிழை வேறு இடத்தில்: அவன் கையை முறுக்குகிறான், போனைப் பறிக்கிறான், அவள் "வேண்டாம்" என்ற பிறகும் நிற்கவில்லை. நாற்பதாவது எபியில் அவனுடைய சின்ன வயசுக் கதை வருகிறது. அதோடு எல்லாம் கழுவப்பட்டுவிடுகிறது.

1970களில் அமெரிக்காவில் பெருவாரியாக விற்ற வரலாற்றுக் காதல் நாவல்களில் ஹீரோவே ஹீரோயினை வன்புணர்வது வழக்கமான திருப்பமாக இருந்தது. கன்னிப்பெண் தானாக ஆசைப்பட்டால் கெட்டவள் என்று நினைத்த காலத்தில், அவள் ஆசையைப் பழியில்லாமல் எழுத அது ஒரு குறுக்குவழியாயிற்று என்று விளக்கம் சொல்பவர்கள் உண்டு. பிறகு அங்கே எழுதியவர்களும் வாசித்தவர்களும் நீண்ட காலம் வாதாடி, மெல்ல மெல்ல அதை விட்டு விலகினார்கள். நாம் அந்தக் குறுக்குவழியை இப்போது புதிதாக வெட்டத் தேவையில்லை. நம்முடைய பெண் ஆசைப்படலாம். வாயைத் திறந்து "வாங்கோ" என்று சொல்லலாம்.

கட்டாயக் கல்யாணக் கதைகளில் "புருஷன்தானே" என்று ஒரு சமாதானம் வரும். இலங்கைத் தண்டனைச் சட்டக்கோவையை 1995இல் திருத்தியபோதும், நீதிமன்றம் மூலம் பிரிந்து வாழ்ந்தால் ஒழிய மனைவியைக் கணவன் வன்புணர்வது குற்றமாகச் சேர்க்கப்படவில்லை. சட்டம் பேசாமல் இருக்கும் அந்த இடத்தில் நம் கதையும் பேசாமல் இருந்தால், வாசிக்கிற பெண்ணுக்கு வேறு யார் சொல்வது?

சோதனை இதுதான். அவனுடைய சின்ன வயசுக் கதையை எடுத்துவிட்டு அவன் செய்வதை மட்டும் வாசியுங்கள். உங்கள் தங்கச்சி அந்த வீட்டில் இருந்தால் போய்க் கூட்டிவருவீர்களா? கூட்டிவருவீர்கள் என்றால் காயத்தின் திசையை மாற்றுங்கள். காயப்பட்டவனின் கல் அவனை அவனே அடைத்துவைத்த சுவராக இருக்கட்டும். அவன் போய்விடுவான், பேசாமல் இருப்பான், பரிசைத் திருப்பிக் கொடுப்பான், தன் பிறந்தநாளைச் சொல்லமாட்டான். அவளுக்கு வலிக்கும், ஆனால் அவள் பயப்படமாட்டாள். வலி வேறு, பயம் வேறு.

இன்னொன்று, தயவுசெய்து இதைக் கவனியுங்கள். பயத்தில் உடம்பு ஓடும், எதிர்க்கும், சில நேரம் அப்படியே உறைந்தும் போகும். உறைந்துபோன பெண் பேசாமல் கிடப்பாள். அந்த மௌனத்தைச் சம்மதம் என்று ஹீரோ எடுத்துக்கொண்டு மேலே போனால், அதே உறைவை வாழ்ந்த வாசகி அந்த வரியில் உங்கள் கதையை மூடிவிடுவாள். ஹீரோவுக்கு வித்தியாசம் தெரிய வேண்டும். "கை குளிர்ந்துபோச்சு. லைட்டைப் போடட்டா?" என்று அவன் கேட்கும் வரி சூட்டைக் குறைக்காது. எனக்குத் தெரிந்து கூட்டத்தான் செய்திருக்கிறது.

ஒரே இரவில் குணமாகிவிடுகிறாள்

முதல் கூடலோடு கெட்ட கனவு நின்றுபோகிறது, சிரிக்கிறாள், மஞ்சள் புடவை கட்டுகிறாள். காதல் மருந்தாகிவிட்டது. பிறகு இருபது எபிக்குக் கதை இல்லாமல் வில்லன் வருகிறான்.

திருக்குறளின் காமத்துப்பாலில் 25 அதிகாரங்கள். களவியல் 7, கற்பியல் 18. புணர்ச்சி மகிழ்தல் அதில் மூன்றாவதாகவே வந்துவிடுகிறது. சேர்ந்த பிறகு இன்னும் 22 அதிகாரம் இருக்கிறது! பிரிவாற்றாமை, கனவு, புலவி என்று போய் ஊடலுவகையில் முடிகிறது. கூடுவது கதையின் முடிவு என்று தமிழ் ஒருநாளும் நினைத்ததில்லை. அங்கேதான் நுட்பமான வேலை தொடங்குகிறது.

திருத்தும் வழி: ஒவ்வொரு கட்டில் காட்சிக்கும் ஒரே ஒரு பழக்கத்தை மட்டும் அசையுங்கள், அதுவும் பாதி தூரம். முதல் காட்சியில் பட்டன். இரண்டாவதில் அடையாள அட்டை தலையணையிலிருந்து மேசை லாச்சிக்குப் போகிறது, லாச்சி திறந்தபடி. மூன்றாவதற்கு முன் தெருவில் ஏதோ சோதனை நடக்கிறது, அட்டை திரும்பத் தலையணைக்கு வந்துவிடுகிறது, சுடிதாரும் வந்துவிடுகிறது. எழுதும்போது உங்களுக்கே அலுப்பாக இருக்கும், இவ்வளவு தூரம் வந்து திரும்பவுமா என்று. தயாளனுக்கும் அந்த அலுப்பு வரட்டும். அவன் அதை மறைக்கப் பார்க்கட்டும், அவள் கண்டுபிடிக்கட்டும். என் கருத்தில் இந்த வகைக் கதைகளின் மிக நெருக்கமான காட்சி அதுதான், யாரும் யாரையும் தொடாவிட்டாலும்.

முடிவில் அவள் குணமாகிவிட வேண்டும் என்றில்லை. காதல் கதை வாசகருக்குக் கொடுக்கும் வாக்கு நம்பிக்கையான முடிவு. அவர்கள் சேர்ந்திருப்பார்கள், சேர்ந்திருப்பது நல்லது என்று தெரிந்தால் வாக்குக் காப்பாற்றப்பட்டது.

சூடு இருக்கிறது, ஆள் தெரியவில்லை

தேன், கனி, மலர், வீணை, சிலை. சினிமாப் பாட்டில் கேட்டுக் கேட்டுப் பழகிய பெயர்ச்சொற்கள். உடம்பைப் பற்றி எழுத உட்கார்ந்தால் தமிழில் மூன்று பெட்டிதான் உடனே கைக்கு வருகிறது: பாட்டுச் சொல், டாக்டர் சொல், தெருச்சண்டைச் சொல். எல்லோருக்கும் இந்தக் கஷ்டம் உண்டு. உங்கள் தமிழ் குறைவு என்று நினைத்து நொந்துபோக வேண்டாம்.

வழி, வினைச்சொல்லுக்குப் போவது. உறுப்பின் பெயரைத் தேடுவதை நிறுத்திவிட்டு, கை என்ன செய்தது, எவ்வளவு நேரம், எங்கே தயங்கியது என்று எழுதுங்கள். நம்மிடம் அருமையான வினைகள் உண்டு: வருடு, நீவு, அளை, கோது, ஒற்று, உரசு, இழை, முகர். யாழ்ப்பாணத்தில் முத்தம் கொடுப்பதற்குக் கொஞ்சுவது என்றுதான் சொல்வோம். குழந்தைக்கும் அதே சொல், காதலனுக்கும் அதே சொல். "இதழ் பதித்தான்" என்று எழுதும் பெண்கள் வீட்டில் அப்படிச் சொல்வதில்லை. "கொஞ்சினான்" என்று எழுதிப் பாருங்கள், அந்த வரியில் ஒரு வீடு வந்து உட்காரும்.

காயப்பட்ட பாத்திரத்துக்கு வினை இன்னும் முக்கியம். "அவள் உடல் மலர்ந்தது" என்பதில் சுகந்தி இல்லை. "மூச்சை விட்டாள், விட்டது அவளுக்கே கேட்டது" என்பதில் இருக்கிறாள்.

இருவரும் டப்பிங் படம் மாதிரிக் கதைக்கிறார்கள்

இது சின்னத் திருத்தம், பலன் பெரிது. வடக்கு வழக்கில் நீங்கள், நீர், நீ என்று மூன்று படி உண்டு. கொட்டாஞ்சேனையில் வளர்ந்த தயாளனுக்கு "நீங்க"வும் "நீ"யும்தான் பழக்கம். நடுவில் இருக்கும் "நீர்" அவள் வீட்டுச் சொல், அவள் அப்பா அவள் அம்மாவை அழைக்கும் சொல். எந்த எபியில் எந்தப் படியில் இருக்கிறார்கள் என்று ஒரு அட்டவணை போடுங்கள். படி மாறும் இடம் உங்கள் கதையின் திருப்பமாக இருக்க வேண்டும். இருபது எபி கழித்து ஒரு இரவு இருட்டில் அவன் தயங்கித் தயங்கி, "நீர்... நித்திரை கொள்ளும்" என்கிறான். உச்சரிப்புப் பிழை. அவள் சிரிக்கிறாள், சிரித்தபடியே அழுகிறாள், பிறகு அவனை இழுத்துக்கொள்கிறாள். அந்த ஒரு எழுத்து மாற்றம் பத்து வர்ணனை செய்ய முடியாததைச் செய்யும்.

காயப்பட்டவர் பயந்தால் ஒரு படி மேலே ஏறிவிடுவார். கோபத்தில் "நீ" வரும் என்று நினைப்போம். சுகந்திக்குப் பயத்தில் "நீங்கள்" வரும்.

அழுகை வருகிறது, ஆசை வரவில்லை

துயரத்தின் கனத்தில் காமம் நசுங்கிவிட்டது. அவளுக்குக் காயத்தைத் தவிர வேறெதுவும் இல்லாததால் வருவது இது. அவளுக்கு என்ன சாப்பிடப் பிடிக்கும்? எதற்கு வாய்விட்டுச் சிரிப்பாள்? வெயிலில் வந்து குளித்துவிட்டு ஈரத் தலையோடு பல்கனியில் நிற்கும்போது, கரையோரம் போகிற ரயிலின் மிதிபலகையில் தொங்கும் பையன்களைப் பார்த்து என்ன நினைப்பாள்? ஆசைக்குத் தனி வேர் கொடுங்கள். காயத்துக்கு முன்பே அவளுக்கு உடம்பு இருந்தது.

காயம் யாருக்கும் பொருந்துகிறது

"போரில் எல்லாவற்றையும் இழந்தவள்." "வெள்ளை வானில் அண்ணனைப் பறிகொடுத்தவன்." ஒரு வரி, அதோடு சரி. ஹீரோவின் தாடிக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது.

இந்த நகரத்தில் இதை வாசிப்பவர்களில் ஒருவர் அந்த அண்ணனின் படத்தை இன்னும் சுவரில் வைத்திருப்பார். வெள்ளை வான் வண்டியில் கடத்தப்பட்டுக் காணாமல் போனவரின் வீட்டில் சடங்கு செய்யலாமா கூடாதா என்ற கேள்வியே ஆளைத் தின்னும். சாவு என்றால் அழுது முடிக்கலாம், இதை முடிக்க முடியாது. அந்த வித்தியாசம் தெரியாமல் போர் முடிந்த 2009ஐயும் வெள்ளை வானையும் தொட வேண்டாம். தெரிந்தால் தாராளமாக எழுதுங்கள், எழுத வேண்டும். அந்த வீட்டுக்காரருக்கும் காதல் உண்டு, கட்டில் உண்டு, அதை எழுத ஆளில்லாமல் இருக்கிறது.

ஒரு கறாரான விதி வைத்திருக்கிறேன், அதில் விட்டுக்கொடுக்க மாட்டேன். பாத்திரத்தின் மீது நடந்த பாலியல் வன்முறையைச் சொல்ல நேர்ந்தால், காதல் காட்சிக்குப் பாவித்த எந்தச் சொல்லும் அங்கே வரக்கூடாது. தோலின் நிறம், உடுப்பின் கிழிசல், உடம்பின் வளைவு, ஒன்றும் வேண்டாம். அவள் பார்த்துக்கொண்டிருந்த சுவரில் இருந்த பல்லியைச் சொல்லுங்கள், போதும்.

எழுதும்போது கை நின்றுவிடுகிறது

கதையின் கோளாறு இல்லை இது, எழுதுகிறவருக்கு வருவது. அதனால் கடைசியில் வைத்தேன். பாத்திரத்தின் காயத்தை எழுதப் போய் உங்களுடையது திறந்துகொண்டது. மூச்சு முட்டுகிறது, அல்லது காரணமில்லாமல் எரிச்சல் வருகிறது, அல்லது அந்த எபியை மூன்று மாதமாகத் தள்ளிப்போடுகிறீர்கள்.

ஃபைலை மூடுங்கள். எழும்பி முகம் கழுவுங்கள், பிளேன்ரீ ஒன்று ஊற்றிக் குடியுங்கள். அந்தக் காட்சியை இரவில் எழுத வேண்டாம், பகலில் எழுதுங்கள். பக்கத்து அறையில் ஆள் இருக்கும் நேரம் நல்லது. இரண்டு மூன்று வாரமாகியும் விடாமல் துரத்தினால் கதையை விட்டுவிட்டு உங்களைப் பாருங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு அழைக்கலாம். எந்தக் கதையும் அதற்கு மேல் இல்லை.

திரும்பி வரும்போது அந்த இரவை எழுதாதீர்கள். அதற்கு அடுத்த காலையை எழுதுங்கள். காலையிலிருந்து பின்னோக்கிப் போனால் வழி பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது. சுகந்தியின் கடைசி எபியை நானும் அப்படித்தான் எழுதினேன்.

கண் விழித்தபோது ஏழு மணி தாண்டியிருந்தது. பாணந்துறைப் பக்கமிருந்து வந்த ரயில் போய்விட்டதை அவள் கேட்கவில்லை. பழக்கத்தில் கை தலையணைக்குக் கீழே போனது, வெறும் துணி. குனிந்து பார்த்தாள். ஒரு செருப்பு சுவரைப் பார்த்துக் கிடந்தது, மற்றதைக் காணவில்லை. பல்கனியில் தயாளன் ஒரு காலில் அவள் செருப்பும் மறு காலில் தன் செருப்புமாக நின்று, துவாய் காயப்போட்டுக்கொண்டிருந்தான்.

"என்ர செருப்பு."

"அவசரத்துல மாட்டிட்டேன். இந்தா, கழட்டித் தாறேன்."

"இருக்கட்டும்," என்றாள். "முதல்ல ஊத்தின ரீயைக் குடியும்."

அவள் கொடுத்த கோப்பையை அவன் வாங்கினான்.